இடுக்கு தெரியாத ராக்கெட்

அண்ணி மகளை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. ஊர் ஊராக நாலு வருஷம் சுற்றிவிட்டு நான் திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. படியிறங்கும்போது அண்ணி சொன்னாள்: "ஊரான் காருக்கெல்லாம் ஆறு கோட்டு பெயின்ட். இந்த வீட்டு ஜன்னலுக்கு ஒரு கோட்டு அடிக்க நேரமில்ல."

அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். நசுங்கிய கதவை அவன் சரிசெய்து கொடுத்தால், எந்தக் கதவு நசுங்கியது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. வீட்டில்தான் எதுவும் முடிந்ததில்லை. மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கிய ராக்கெட் செட் எட்டு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை அவள ஒரு நாள் அனுப்புறேன். அவளுக்குப் பிடிச்சாத்தான் அடுத்த தடவை. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அன்றே அண்ணன் பெட்டியைப் பிரித்தான். அட்டைக்குழாய், பிளாஸ்டிக் மூக்கு, மூன்று மர இறக்கை, குட்டி பாராசூட். குறிப்புத்தாளை நான்தான் வாசித்துச் சொன்னேன். மேலே போனதும் உள்ளே சின்ன வெடி வெடிக்கும், மூக்கு கழன்று பாராசூட் வெளியே வரும். "மூக்கு இறுக்கமா இருக்கக் கூடாதாம்ணா."

"ம்."

ஓர் இறக்கை நூலளவு சாய்ந்திருந்தது என்று பிய்த்து மறுபடி ஒட்டினான். தட்டில் போட்டு வைத்த சோறு ஆறிப்போனது. சனிக்கிழமை பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் பள்ளம் அடைக்கும் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு அடித்தான். டிங்கர் வேலை பார்ப்பவர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், இது பறக்குறதுக்கா, ஷோரூம்ல நிக்கிறதுக்கா?"

"அவ வந்து பார்த்ததும் சிரிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." சொல்லிக்கொண்டே மூக்கின் மேல் இன்னொரு கோட்டு அடித்தான்.

ஞாயிறன்று அவள் சிரித்தாள். "எங்க ஒட்டுனதுன்னே தெரியலப்பா!" விளையாட்டுத் திடலில் அவளே மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினாள். ராக்கெட் சீறிக்கொண்டு போனது. உச்சியில் 'டப்' என்றது. பாராசூட் வரவில்லை. தலைகீழாக வந்து தரையில் குத்திக் கசங்கியது.

அண்ணன் ஓடிப்போய் எடுத்தான். மூக்குக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த இடுக்கைப் பட்டியால் அடைத்து வழவழவென்று தேய்த்திருந்தான். இருபது வருஷமாக எந்த இடுக்கையும் விட்டுவைக்காத கை. "நீ படிச்சுச் சொன்னியேடி" என்றான் என்னிடம்.

"பரவாயில்லப்பா" என்றாள் மகள், பெரிய மனுஷி மாதிரி.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வேற வாங்குறேன். இந்தத் தடவை சரியா செய்றேன். வருவேன்னு சொல்லு. சொல்லும்மா."

"விடுப்பா, வலிக்குது."

விடவில்லை. நான்தான் அவன் விரல்களைப் பிரித்தேன். மாலையில் அண்ணி அழைத்துப்போக வந்த கார் கிளம்பியபோது மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், "அவ வரலங்கிறா" என்று மட்டும் போனில் பதில் வந்தது. அண்ணன் கேட்பதை நிறுத்தினான். நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினேன்.

நாலு வருஷம் கழித்து, ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது:

"அத்தை, நான்தான். அப்பா இன்னும் அதே பட்டறைலதானே இருக்கார்? லீவுல தனியா வந்து பார்க்கலாம்னு இருக்கேன். முன்னாடியே சொல்லிடாதீங்க. ஏதாவது செஞ்சு வைக்க ஆரம்பிச்சிடுவார்."