வான்ஹெல்டர் வீட்டுச் சுவர்

உங்கள் லாஸ்ட் நேமுக்கு என்ன வயது? என்னுடையதற்கு என் அப்பாவின் வயதுதான். அதற்காக ஐந்தாம் வகுப்பில் என் மானத்தையே வாங்கிவிட்டார்கள்.

நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் பள்ளிக்கு அருகே வான்ஹெல்டர் வீடு இருக்கிறது. அமெரிக்கா என்று ஒரு நாடு உருவாகும் முன்பே இந்தப் பக்கத்து நிலமெல்லாம் அந்தக் குடும்பத்துடையது. ரோட்டுக்கும் பார்க்குக்கும் அவர்கள் பெயர்தான். வீடு இப்போது மியூசியம். ஃபீல்டு ட்ரிப் போகும்போது அவரவர் ஃபேமிலி ட்ரீயை அதன் சுவரில் மாட்டலாம் என்றார் டீச்சர். மார்க்கர் காயும்வரை வரைந்தேன். எங்களுக்கு அப்பா பெயர்தானே கடைசிப் பெயர்? தலைமுறைக்குத் தலைமுறை அது மாறியது. டீச்சர் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டார்.

"ஹனி, ஒரு ஃபேமிலிக்கு ஒரு லாஸ்ட் நேம்தான். இதை மாட்ட முடியாது."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "அப்பா, நம்ம ஃபேமிலியே இல்லையாம்!"

அப்பா மீட்டிங்கை ம்யூட் செய்தார். "என் பேரு உனக்கு, எங்கப்பா பேரு எனக்கு. கிரீன் கார்டு குடுத்தவனே ஒத்துக்கிட்டான், உங்க டீச்சருக்கு என்னவாம்? நாளைக்கு மெயில் போடறேன்."

போடவில்லை.

என் தோழி டியானாவின் ட்ரீ மட்டும் ஜோராகச் சுவரேறியது. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்: வான்ஹெல்டர். டியானா கறுப்பினப் பெண். அதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மியூசியத்தில் சுற்றிக் காட்டிய வெள்ளைக்கார அம்மா, தானும் ஒரு வான்ஹெல்டர்தான் என்று பெருமையாகச் சொன்னார். "உங்கள்ல எங்க சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா?" என்று சும்மா கேட்டார்.

நான் டியானாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். "இவ இருக்கா! இவளும் வான்ஹெல்டர்!"

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "அது வேற, டியர். நான் கேட்டது நிஜக் குடும்பத்தை."

எனக்கு வந்ததே கோபம். "பேரு வேற வேறயா இருந்தாலும் ஃபேமிலி இல்ல, ஒரே பேரா இருந்தாலும் ஃபேமிலி இல்லையா? அப்ப யாருதான் ஃபேமிலி?"

டீச்சர் என்னை வெளியே போகச் சொன்னார். டியானாவை யாரும் சொல்லவில்லை, அவளாகவே கூட வந்தாள்.

வீட்டின் பின்பக்கம் இரும்பு வேலிக்குள் வான்ஹெல்டர்களின் பளிங்குக் கல்லறைகள். வேலிக்கு வெளியே, புல்லுக்குள், முழங்கால் உயரம்கூட இல்லாத மொட்டைக் கற்கள்.

"எங்க டாட் வருஷா வருஷம் இங்க பூ வைப்பாரு," என்றாள் டியானா.

"யாருக்கு?"

"எங்க ஆளுங்களுக்கு. பேரு தெரியாது."

"இவ்ளோ நிலம் வச்சிருந்தாங்க, ஒரு பேரு எழுதத் துப்பில்லையா?" என்றேன். வான்ஹெல்டர் என்ற பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. என் ட்ரீ சுவரேறாத எரிச்சல்தான் மண்டை முழுக்க. அந்த நிலத்தை உழுதவர்கள் அடிமைகள், எஜமானின் பெயர்தான் அவர்கள் பிள்ளைகள்மேல் ஒட்டிக்கொண்டது, அதுவும் இதே நியூ ஜெர்சியில் என்பதெல்லாம் காலேஜ் வந்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை பெரிய வீட்டை இன்ச் இன்ச்சாகச் சுற்றிக் காட்டினார்களே, இதை ஒரு வார்த்தை சொன்னார்களா?

இப்போது அந்த வீட்டை ஃபங்ஷன்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இந்தச் சனிக்கிழமை என் மாமா பெண்ணின் ரிசப்ஷன் அங்கேதான். பார்க்கிங் பின்பக்கம், வேலிக்கு வெளியே.