கிரகணத்தில் அறுத்த மாங்காய்

என் தம்பியின் வாயிலிருந்து முதலில் வரப்போவது தமிழா தெலுங்கா என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் சண்டை நடந்தது. எதுவுமே வராமல் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அத்தனை பேரும் ஊருக்கே புத்தி சொல்கிறவர்கள். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், குடிபாலாவைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எங்களை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டிருந்தார்கள். எல்லையை மறுபடி அளக்கப்போகிறார்கள், சித்தூர் சென்னை ராஜ்யத்தோடு போய்விடும், போகாது என்று தினம் ஒரு பேச்சு வரும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குக் கழனியில் கரும்பு இருந்தது. புத்தி மட்டும் எப்போதும் எல்லையில் இருந்தது. கூட்டம் என்றால் மடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஓடுவார். தண்ணீர் பக்கத்துக் கழனிக்குப் பாயும். அம்மா போய் அடைத்துவிட்டு வருவாள்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சித்தூரில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவரும் எங்களைப் போலத் தமிழ் பேசிப் பிறந்தவர்தான். ஆபீஸ் தெலுங்குக்கு மாறியது, மாமாவும் மாறிவிட்டார். தும்மினால்கூடத் தெலுங்கில் தும்முகிறார் என்பது நைனாவின் கட்சி. சோறு எந்தப் பாஷையில் கிடைக்கிறதோ அந்தப் பாஷைதான் பிள்ளைக்கு என்பது மாமாவின் கட்சி.

இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என் தம்பி. ஐந்து வயது நெருங்கியும் வாயில் ஒரு வார்த்தை இல்லை. அவனை மேய்க்கிற வேலை ஒன்பது வயதுக்காரியான எனக்கு. அது லேசுப்பட்ட வேலை இல்லை. கூப்பிட்டால் வரமாட்டான். மாடு வருகிறது என்று கத்தினால் நகரமாட்டான். நான் போய் இழுக்க வேண்டும். முன்னால் ஒரு கல்லை எறிந்தால் திரும்பிப் பார்ப்பான். வீட்டுக்குள் என்றால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் போதும், உடனே திரும்புவான். திமிர் பிடித்தவன், மிதித்தால்தான் மதிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வீடும் அப்படித்தான் நினைத்தது. நைனா அவனைப் பார்த்து நாளைக்கு ஒரு தடவையாவது, செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொள்வார். சொல்லிவிட்டு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடுவார். தான் என்ன சொன்னோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கக் கூடாதா?

யோசித்து அவர் கண்டுபிடித்தது வேறு. இரண்டு பாஷையும் காதில் விழுந்து பையன் குழம்பிப்போயிருக்கிறான். எது நம் பாஷை என்று தெரியாமல் வாயைத் திறக்க மறுக்கிறான். எல்லை தீர்ந்தால் தானாகப் பேசிவிடுவான், அதுவரை வீட்டுக்குள் ஒரு தெலுங்கு வார்த்தை நுழையக் கூடாது என்று சட்டம் போட்டார். காவல் யார்? நான்தான். மோர்க்காரிக்குத் தெலுங்கு தவிர வேறு தெரியாது. அவளைத் தெருவிலேயே நிறுத்தி, கையைக் காட்டி மோர் வாங்கிவருவேன். அவள் என்னைப் பார்த்து, இந்த வீட்டில் பெண்ணும் ஊமையாகிவிட்டதா என்று பரிதாபப்பட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் சட்டம் செல்லாது. பெப்பர்மிண்ட் பொட்டலத்தோடு வாசலின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு, “ரா நாயனா, ரா” என்று தம்பியைக் கூப்பிடுவார். மறு கோடியில் நைனா, “வாடா கண்ணு, வா” என்பார். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஏலம் கூவுகிற மாதிரி கூவுவார்கள். தம்பி நடுவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். பாவமாக இருக்கிறதே என்று நான் கையசைத்தால் என்னிடம் ஓடிவருவான். நான் நைனா பக்கம் நின்றால் தமிழுக்கு வெற்றி, மாமா பக்கம் நின்றால் தெலுங்குக்கு. பெப்பர்மிண்ட் இருக்கிற பக்கமே நான் பெரும்பாலும் நின்றேன்.

அத்தைக்கு இந்தப் பாஷை வழக்கெல்லாம் வேண்டாம். நைனாவின் அக்கா அவர். அடுத்த தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பி வயிற்றில் இருக்கும்போது ஒரு கிரகணம் வந்ததாம். கர்ப்பிணி எதையும் அறுக்கக் கூடாத அந்த நேரத்தில் என் அம்மா மாங்காய் அறுத்தாளாம். உதட்டில் விழ வேண்டிய வெட்டு உள்ளே நாக்கில் விழுந்துவிட்டதாம். கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் கூடின இடத்தில் அத்தை இதைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார்.

அம்மா எதற்கும் வாய் கொடுக்காதவள். நைனா கத்தினாலும் பேசமாட்டாள், மாமா கத்தினாலும் பேசமாட்டாள். ஆனால் இந்த மாங்காய் பேச்சு வந்தால் மட்டும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் வந்து நிற்பாள். அவளிடம் சாட்சி இருந்தது. சாட்சி நான்தான்.

“பெரியவளுக்கு அப்ப மணல்வாரி அம்மை போட்டிருந்துது. அம்மன் வந்து எறங்கின ஊட்ல யாரனா அருவாமணை எடுப்பாங்களா? தாளிப்பாங்களா? பொண்ணுக்கு வேப்பிலை வீசிக்கினு பக்கத்துலயே படுத்துக்கினு கெடந்தேன். கேளுங்க அவள.”

நான் தலையை ஆட்டுவேன். எனக்கு அப்போது நாலு வயதுதான் என்றாலும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. உடம்பெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. காதுக்குப் பின்னால் நெறி கட்டி வலித்தது. கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். அம்மா என்னை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அம்மை கண்ட பிள்ளையைத் தனியாக விட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள். மூன்றே நாளில் இறங்கிவிட்டது. நான் தலை முழுகினதும் அம்மாவுக்கும் லேசாகப் போட்டு, அதுவும் தானாகப் போனது. எனக்கு வந்ததை அம்மன் கணக்கில் வைத்தார்கள். அம்மாவுக்கு வந்ததை யாரும் எந்தக் கணக்கிலும் வைக்கவில்லை. மாங்காய் அறுக்கவில்லை என்று நான் தலையாட்டும்போதெல்லாம், ஒரு வழக்கையே ஜெயித்துக் கொடுத்த பெருமை எனக்கு வரும்.

அந்தக் கோடையில் நைனா ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் தம்பியைச் சேர்த்துவிடுவது. வீட்டில் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன வாயை வாத்தியார் பிரம்பு திறந்துவிடும் என்றார். மாமாகூட இதை ஒப்புக்கொண்டார். எந்த மொழியில் அடிப்பது என்பதில் மட்டும்தான் அவருக்குத் தகராறு. அந்த வாத்தியாரை எனக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் வரும்வரை அடிக்கிறவர் அவர். தம்பியிடமிருந்து பதில் என்றைக்கு வருவது? அம்மா பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது, எங்கள் ஊர் சென்னையோடு சேர்ந்துவிட்டது என்று யாரோ சித்தூரிலிருந்து சைக்கிளில் வந்து சொன்னான். யார் சொன்னது, எந்தப் பேப்பரில் வந்தது என்றெல்லாம் கேட்க நைனாவின் ஆட்களுக்குப் பொறுமை ஏது? புளியமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேளம் வந்தது. தீபாவளியில் மிஞ்சின சரவெடி ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து கொளுத்தினார்கள். மாமாவும் அன்று வந்திருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தம்பி மரத்தடி மேடையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மாம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். பங்காருபாளையத்துப் பழம், முழங்கைவரை சாறு வழிகிறது.

வெடி அவன் முதுகுக்குப் பின்னால்தான் வெடித்தது. காக்கைகள் பறந்தன. கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இடுப்புப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. நான் காதைப் பொத்திக்கொண்டேன். தம்பி கொட்டையைத் திருப்பி அந்தப் பக்கம் சப்பினான். சிவப்புக் காகிதத் துண்டுகள் தலையில் வந்து விழுந்தபோதுதான் நிமிர்ந்து, எந்தக் கிளையிலிருந்து உதிர்கிறது என்று மரத்தைப் பார்த்தான்.

மேளக்காரன் கை நின்றுவிட்டது. நைனா கிட்டே வந்து தம்பியின் முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டினார். பிறகு இன்னும் கிட்டே வந்து, “கண்ணு, கண்ணு” என்று கூப்பிட்டுத் தட்டினார். மாமா ஓடிவந்து தமிழில், ஆமாம் தமிழில், “டேய் கண்ணு, இங்க பார்றா” என்று கத்தினார். அன்றைக்குத்தான் அந்த இரண்டு பேரும் ஒரே பாஷையில் கூப்பிட்டார்கள். தம்பி பழத்தை முடித்துவிட்டுக் கொட்டையை என்னிடம் நீட்டினான். ஊர் சென்னைக்குப் போன செய்தி மறுநாளே பொய்யாகிப்போனது. அந்த வெடியால் தெரிந்துகொண்டது மட்டும் மெய்.

அடுத்த வாரம் எல்லோருமாக வேலூருக்குப் பஸ் ஏறினோம். தம்பி என்னை விட்டு நகரமாட்டான் என்பதால் நானும் போனேன். டாக்டரிடம் யார் பேசுவது என்று நைனாவும் மாமாவும் வழியெல்லாம் தகராறு. டாக்டரம்மா இரண்டு பேரையும் வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார். தலைவலி விட்டது என்று இருந்தது எனக்கு.

அந்த அம்மாள் தம்பியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு அவன் காதருகே பிடித்தார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். “இவனைச் சுமந்தபோது காய்ச்சலோ, உடம்பில் பொரியோ வந்ததா?”

மூன்றாம் மாதத்தில் லேசாக மணல்வாரி மாதிரி போட்டது என்றாள் அம்மா. டாக்டரம்மா குனிந்து மெதுவான குரலில் ஏதேதோ விளக்கினார். நான் எங்கே கவனித்தேன்? அந்தக் கவையைத் தட்டித் தட்டி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூசியது. கடைசியில் அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. வீட்டில் முதலில் யாருக்கு வந்தது?

அம்மா என்னைப் பார்த்தாள். நேராக உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்து நேராக உட்கார்ந்தேன்.

“யாருக்கும் இல்லம்மா. எனக்குத்தான் எங்கேருந்தோ வந்துது.”

எனக்கு வந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா தம்பியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். டாக்டரம்மா ஆண்களை உள்ளே அழைத்து, பிறவியிலேயே காது கேட்கவில்லை, எந்த மொழியும் இவனுக்கு எட்டவில்லை, அடித்தால் அழுகைதான் வரும், சென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது என்றார். மற்றதை அம்மாவிடம் சொல்லியாயிற்று என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

தம்பி அந்தப் பள்ளிக்குப் போனான். வாத்தியார் பிரம்புக்குத் தப்பினான். பிற்காலத்தில் சித்தூரில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தான், தமிழிலும் தெலுங்கிலும். இரண்டில் எது அழகு என்று நைனாவும் மாமாவும் சாகிறவரைக்கும் சண்டை போட்டார்கள். திருந்துகிற ஜென்மங்களா அவை! தம்பிக்கு முப்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது, அப்புறம் கண் மங்கியது. கூட்டிப்போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் பொரி வந்ததா என்று. அந்த அம்மை தாய்க்கு ஒன்றும் செய்யாதாம். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் காதையும் கண்ணையும் தொடுமாம். சிலருக்குச் சர்க்கரை இப்படி வருஷங்கள் கழித்து வருமாம். பெரும்பாலும் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகளிடமிருந்துதான் தாய்க்கு ஒட்டும் என்றார். அம்மா போய்ச் சேர்ந்து அப்போது பல வருஷம் ஆகியிருந்தது.

வேலூரிலிருந்து வந்த அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வீட்டு வாசலிலேயே அத்தை காத்துக்கொண்டிருந்தார். காது என்றார்களா, நாக்கு என்றார்களா, எதனால் என்றார்கள் என்று பிடித்துக்கொண்டார். நைனாவும் மாமாவும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தம்பியை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுப்படியைப் பார்த்தபடி சொன்னாள்.

“நீங்க சொன்னதுதான் அண்ணி. கிரகணத்துல மாங்கா அறுத்தேன். வாய்க்குப் புளிப்பா வேணும்னு இருந்துது. அறுத்துத் துன்னுட்டேன்.”

அத்தை மாரில் அடித்துக்கொண்டார். நைனா அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். இத்தனை நாளும் தலையாட்டின சாட்சி நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வழக்கையே தோற்கிறாளே! பொய் சொல்கிறாள், எனக்கு மணல்வாரி போட்டிருந்தது, அம்மா அருவாமணையைத் தொடவே இல்லை என்று கத்தினேன்.

அம்மா வந்து என் தொடையில் கிள்ளினாள். அதுவரை என்னை அவள் கிள்ளினதே இல்லை.

“வாய மூடுடி. உனக்கு எந்த அம்மையும் போடல.”

பொழுது சாய்ந்ததும் சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். பிறகு கிட்டே வந்து, “வா கண்ணு, துன்னுட்டுப் படு” என்றாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம்பியைப் போலவே காது கேட்காதவளாக உட்கார்ந்திருந்தேன்.