கடக ராசிக்கு ஒரு ஞாயிறு

ஊருக்கெல்லாம் ஜனவரி ஒன்றாம் தேதி புது வருஷம் பிறக்கும். கனகமணிக்கு மட்டும் அது சித்திரை வெயிலிலேயே பிறந்துவிடும். சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. காலையில் பல் தேய்க்கிற கையோடு நாம் கிழித்துப் போடுகிற தாள் இருக்கிறதே, அதில் வருகிற நல்ல நேரம், ராகு காலம், ராசிக்கு ஒரு சொல்லாகப் பலன் அத்தனையும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கனகமணி வீட்டில் யாரும் ராகு காலம் பார்ப்பதில்லை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவளுக்கும் கிறிஸ்துராஜுக்கும் கல்யாணம் நடந்ததே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சுத்தமான ராகு காலத்தில். ஆனால் எந்தக் கிழமைக்கு எந்த நேரம் ஆகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

பஞ்சாங்கக் கணக்கு தனியாக ஒருவரிடமிருந்து வரும். அதைப் போன வருஷத்துக் கோப்பின் மேல் ஏற்றி, கிழமை மாற்றி, நேரம் மாற்றி, கம்ப்யூட்டரில் எடிட்டர் என்கிற எழுத்துத் திருத்தும் மென்பொருளில் வெறும் எழுத்தாகத் தயார் செய்து கொடுப்பாள். பக்கத்து சீட்டு கண்ணுச்சாமி அண்ணாச்சி அதை அப்படியே காலண்டர் பக்கங்களில் ஊற்றிவிடுவார். கேட்க லேசாகத்தான் இருக்கும். வருஷம் முழுக்க மவுசை இழு, சொல்லைப் பிடி, அழி, அடி, திரும்ப இழு. பத்து வருஷத்துக்கு மேல் இழுத்த கை. ஒருநாள் டீ தம்ளரைத் தூக்க முடியாமல் கீழே போட்டது.

கிறிஸ்துராஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தவன் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போய், கைக்கு மருந்துப் பட்டை கட்டிக் கூட்டி வந்தான். "மவுசை இனி தொடக் கூடாதுன்னுட்டாரு. தொட்டா நான் கம்பெனிக்கே வந்து ஒயரைப் பிடுங்குவேன்" என்றான். செய்யக்கூடிய ஆள்தான்.

முதலாளி ராஜபாண்டியன் தங்கமான மனுஷர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. "ஏம்மா, கையைக் கெடுத்துக்கிடாத. ஆடிப் பூசை முடியவும் பேக்கிங் பக்கம் போயிரு. உக்காந்து தாள் சரிபார்த்தாப் போதும், சம்பளம் குறையாது" என்றார். அந்த சீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷத்தை முதல் ஆளாகப் பார்ப்பதில் கனகமணிக்கு இருந்த சந்தோஷம் பேக்கிங்கில் எங்கே கிடைக்கும்? "மொதலாளி, ஆடிப் பூசை வரைக்கும் விடுங்க. மவுசைத் தொடாம முடிச்சுக் காட்டுறேன். முடியலைன்னா நானே எந்திரிச்சுப் போறேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். எப்படி முடிப்பது என்பது அவளுக்கே தெரியாது.

வழி சொன்னது கண்ணுச்சாமிதான். "எடிட்டர்ல பிளகின்னு ஒரு குட்டி சாப்ட்வேர் சேத்துக்கிடலாம்லா. வேலையைச் சுருக்கும்னு சொல்லுதாக. ஒண்ணுக்கு நாலு கிடக்கு, எது ஒத்து வருதுன்னு பாரேன்." கனகமணி பார்க்க ஆரம்பித்தாள். ஒரே வேலையை, அதாவது ஒரு மாதத்து நேரங்களை மாற்றுகிற வேலையை, ஒவ்வொரு பிளகினிலும் செய்வது. சாயங்கால டீ வரும்போது மணிக்கட்டு விண்ணென்று தெறித்தால் அந்தப் பிளகின் தோற்றது. மணிக்கட்டுதான் நடுவர்.

முதலாவது, சுருக்கெழுத்துப் பிளகின். 'ரா' என்று அடித்தால் ராகு காலத்து வரி முழுசாக வந்து விழும். ஜோர்தான். ஆனால் புதுசாக எழுதுகிறவர்களுக்கு ஜோர். இவளுக்கோ எழுதிக் கிடப்பதைத் திருத்துகிற வேலை. வேண்டுமானால் இருக்கட்டும் என்று ஓரமாக வைத்தாள்.

இரண்டாவது ஒரு மகாராஜா. அது ஏறினால் கீபோர்டு மொத்தமும் கட்டளை போடுகிற கீபோர்டாகிவிடும். ஒரு கீ வரியை அழிக்கும், ஒரு கீ வரியைத் தூக்கும். இது கைக்குப் பழகிவிட்டால் மின்னல் வேகம் என்று இணையத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். கனகமணி எழுத நினைத்தபோதெல்லாம் அது அழித்தது, அழிக்க நினைத்தபோது அசையாமல் நின்றது. "போய்த் தொலை" என்று பதினோரு மணி டீக்கு முன்பே அதை இறக்கிவிட்டாள்.

மூன்றாவது, தாவுகிற பிளகின். ஒரு கீயைத் தட்டினால் திரையில் உள்ள சொல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எழுத்து மின்னும். எந்தச் சொல்லுக்குப் போக வேண்டுமோ அதன் தலையில் உள்ள எழுத்தை அடித்தால், கர்சர் அங்கே போய் உட்கார்ந்துவிடும். மவுசுக்கு வேலையே இல்லை. ஆனால் மின்னியதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. இவள் கீபோர்டு தமிழில் கிடக்கும். தாவுவதற்கு இங்கிலீஷுக்கு மாற்று, திருத்துவதற்குத் தமிழுக்கு மாற்று என்று ஒருநாள் முழுக்க மாற்றியதில் பட்டைக்குள் கை வீங்கிப்போனது. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பிளகினின் செட்டிங்கைத் திறந்து உட்கார்ந்தாள். எந்தெந்த எழுத்து மின்ன வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இருந்த இங்கிலீஷை வழித்தெறிந்துவிட்டு, தன் விரல் எப்போதும் ஓய்வாகக் கிடக்கிற நடு வரிசையைப் போட்டாள்: க, ப, ம, த, ந, ய. கீயைத் தட்டினாள். திரை முழுக்கத் தமிழ் எழுத்தாகப் பூத்தது. 'ம' அடித்தாள், ராகு காலத்துக்குப் போனது. 'த' அடித்தாள், நல்ல நேரத்துக்குப் போனது. "அண்ணாச்சி, இங்கன வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கண்ணுச்சாமியை இழுத்து வந்து காட்டினாள். சாயங்கால டீயின்போது மணிக்கட்டு கம்மென்று இருந்தது.

அந்த உற்சாகத்திலேயே நாலாவதையும் ஏற்றினாள். அது கர்சரைப் பல இடத்தில் ஒரே நேரம் நிறுத்துகிற பிளகின். ஒரு தடவை அடித்தால் நின்ற இடமெல்லாம் விழும். எதில் சோதிக்கலாம் என்று பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கடக ராசிக்கு 'செலவு' என்று போட்டிருந்தது. ஓய்வு நாளில் பாவம், அவர்களுக்கு ஏன் செலவு? வருஷத்து ஞாயிறுகள் அத்தனையிலும் கடகத்துக்கு நேராகக் கர்சரை நிறுத்தி, மனசில் வந்ததை அடித்தாள்: 'கை வலி தீரும்'. எல்லா ஞாயிறிலும் கடகத்துக்குக் கை வலி தீர்ந்தது. கனகமணி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பத்து வருஷப் பழக்கத்தில் விரல் தானாகப் போய் கோப்பைச் சேமித்ததை அவள் கவனிக்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் ஓடினாள்.

ஆடிப் பதினெட்டு அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைச் சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்பார்கள். கம்பெனியில் மாவிலைத் தோரணம், சர்க்கரைப் பொங்கல், வெளியூர் ஏஜெண்டுகள் என்று ஒரே கலகலப்பு. சாத்தூர் ஏஜெண்டு செல்லப்பாண்டி மாதிரியைப் புரட்டினவர் ஒரு ஞாயிற்றில் நின்றார். "அட, நம்ம ராசிக்குக் கை வலி தீரும்னு போட்டிருக்கே. மாதிரி ஆல்பத்தைச் சுமந்து சுமந்து முழங்கை கழண்டு கிடக்கேன்" என்று இன்னொரு ஞாயிறைப் புரட்டினார். "இங்கனயும் தீருது." இன்னொன்று. "ஏ அய்யா, வருசம் பூராவும் தீருதே."

கனகமணி கையிலிருந்த பொங்கல் தட்டைக் கீழே வைத்தாள். போச்சு, சீட்டும் போச்சு, மானமும் போச்சு.

"மொதலாளி, அது நான் போட்டது. சோதனைக்கு அடிச்சேன், அழிக்க மறந்துட்டேன்."

ராஜபாண்டியன் மாதிரியை வாங்கிப் பார்த்தார். "எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லாந்தான்."

"மவுசைத் தொட்டியா?"

"தொடல மொதலாளி."

"வா, எனக்கு முன்னாடி மாத்து."

ஏஜெண்டுகள் காபியோடு சுற்றி நின்றார்கள். கனகமணி கீயைத் தட்டினாள். க, ப, ம, த என்று எழுத்து பூத்தது. தாவினாள், நிறுத்தினாள், பஞ்சாங்கக் கணக்கில் வந்திருந்த பழைய பலன்களை அதனதன் இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தாள். மவுசு ஓரமாகத் தூசி பிடித்துக் கிடந்தது. செல்லப்பாண்டியின் காபி ஆறுவதற்குள், ஜனவரி தவிர மற்ற மாதமெல்லாம் கடகத்துக்கு மறுபடியும் செலவு, நட்பு, ஓய்வு எல்லாம் வந்துவிட்டன.

"நில்லும்மா" என்றார் செல்லப்பாண்டி. "பூராவும் அழிச்சிராத. எனக்கு ஒரு ஞாயிறாவது இருக்கட்டும். உனக்கும் கடகமா?"

"எங்க வீட்ல ராசி பாக்கிறதில்ல அண்ணாச்சி."

ராஜபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். "ஜனவரி மொத ஞாயிறு அப்படியே இருக்கட்டும். பேக்கிங்குக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடுறேன். நீ இந்த சீட்டை விட்டு அசையாத." கனகமணிக்குக் கண் நிறைந்தது. பொங்கலை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. சர்ச்சுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே கிறிஸ்துராஜ் காலண்டரில் தாளைக் கிழித்தான். தேதியை மட்டும் பார்க்கிற மனுஷன், அன்றைக்கு ஏனோ கீழேயும் பார்த்தான்.

"கனகு, என்னது இது? கடகத்துக்குக் கை வலி தீரும்னு போட்டிருக்கு?"

கனகமணி டீச்சட்டியை வலது கையாலேயே தூக்கி, இரண்டு தம்ளரிலும் சிந்தாமல் ஊற்றினாள்.

"தீந்துருச்சுங்க" என்றாள்.