ஐந்து மைல் குறைந்த மாப்பிள்ளை

எங்கள் அக்காவுக்கு வந்த மூன்றாவது சம்பந்தம் ஓர் ஆற்றால் கெட்டது. நம்ம குடகனாறு இல்லை, சீமையில் ஓடுகிற ஆறு. அதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை, கெடுத்த மாப்பிள்ளையும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் என் பேத்திகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, திண்டுக்கல்லில் ரொட்டிக் கடை. பன், வறுக்கி, பிஸ்கட் எல்லாம் சுற்றிக் கொடுக்கப் பழைய காகிதத்தை எடை போட்டு வாங்குவார். வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு கப்பலேறியபோது, அவர்கள் சுமக்க மாட்டாத புத்தகமெல்லாம் லாரியில் மலையிறங்கி எங்கள் ஊர்ப் பழைய பேப்பர்க்காரரிடம் வந்து குவிந்தது. அங்கிருந்து எங்கள் கடைக்கு வந்தது. அத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாள் கனமாக இருந்தால் அது நல்ல புத்தகம், எண்ணெய் ஊறினால் கெட்ட புத்தகம். இதைவிடச் சுருக்கமாக யாரும் மதிப்புரை எழுதி நான் பார்க்கவில்லை.

அக்கா ஒன்பதாவது வரை படித்தவள். இங்கிலீஷில் புலி. வயசுக்கு வந்ததும் அத்தா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் அந்தக் காகிதக் குவியலிலிருந்து அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள். ஆயிரம் கேள்வி, ஆயிரம் பதில், முக்கால்வாசி சீமையைப் பற்றியது. முன்பாதி ஏற்கெனவே கடையில் கிழிந்துவிட்டது. அதனால் இங்கிலாந்து ராஜாக்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது, அவர்கள் பன்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தை மனப்பாடம் செய்து எனக்கும் ஒப்பித்தாள். ஒன்பது வயதில் லண்டன் பாலங்களைப் பற்றி எனக்கு இருந்த அறிவு வாய்ப்பாட்டில் இருந்திருந்தால் வாத்தியாரிடம் அடி மிச்சமாகியிருக்கும்.

அக்காவுக்கு ஒரே ஆசைதான். வீட்டிலிருந்தபடியே மெட்ரிக் பரீட்சை எழுத வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்டாள். அத்தா மூன்று வருஷமும், “புருசன் வீட்ல போயி எழுதிக்க” என்றார். அம்மாவோ இரண்டு சம்பந்தம் தட்டிப் போனதற்கு அவள் புத்தகமும் கையுமாக இருந்ததே காரணம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வயது பத்தொன்பது.

மூன்றாவது மாப்பிள்ளை மெட்ராஸில் தோல் வாங்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளார்க். சொந்த வீடு எங்களுக்கு நாலு தெரு தள்ளி. தரகர் வந்து, “மாப்ளைக்கு நகை நட்டெல்லாம் பெருசில்ல. பொண்ணுக்குப் பொது அறிவு இருக்கணுமாம். கல்யாணத்துக்கப்பறம் பரீட்சை எழுதுறதுன்னாலும் எழுதட்டுமாம்” என்றார். முந்தின இரண்டு தடவையும் அடுப்படியை விட்டு வெளியே வராதவள், இந்தத் தடவை தானே சேலையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துத் தேய்த்தாள். அவளுக்கு ஆசை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளை மேல் இல்லை, பரீட்சை மேல்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வருகிற வழக்கமில்லை. அவர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சின்னம்மாவும் வந்தார்கள். உள்ளறையில் அக்காவை உட்கார வைத்து முடியைப் பிரித்துப் பார்த்தார்கள், நடக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான். நாங்கள் வைத்த தம்ரூட் இனிப்பைத் தின்று கையைத் துடைத்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“எம்மவன் பத்துக் கேள்வி எழுதிக் குடுத்துருக்கான். பதிலு பின்பக்கம் இருக்காம். யாராச்சும் படிங்க.”

யார் படிப்பது? வந்த இருவரும் குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுவார்கள், தமிழ் எழுத்து தெரியாது. அம்மாவும் அப்படியே. அவர்களுக்குத் துணையாக வந்த, படிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாரும் முன்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பெண் இருக்கிற அறைக்குள் அவர்கள் வரக்கூடாது. தாளை என்னிடம் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு. “சீ… மை… யி… ல்…” என்று ஆரம்பித்தேன்.

“இது படிச்சு முடிக்கங்குள்ள எம்மவனுக்குத் தலை நரைச்சுரும். ஏ புள்ள, நீயே படிச்சு நீயே சொல்லு” என்று அந்த அம்மா தாளைப் பிடுங்கி அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

கேள்வியும் பதிலும் பரீட்சை எழுதுகிறவள் கையில்! நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துவிட்டு மிச்சத் தம்ரூட்டைத் தின்னப் போயிருப்பேன். எங்கள் அக்கா தாளைத் திருப்பவே இல்லை. ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாகப் படித்துத் தானே பதில் சொன்னாள்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் பூ எது என்று ஒரு கேள்வி. ஒரு முட்செடியின் பூ என்றாள். “முள்ளையா? நெலக்கோட்டைக்கு வரச் சொல்லு, நல்ல மல்லியா வாங்கிட்டுப் போகட்டும்” என்றார் சின்னம்மா. லண்டன் மணிக்கூண்டில் பிக் பென் என்பது எதன் பெயர் என்று ஒன்று. கடிகாரத்துக்கில்லை, உள்ளே தொங்குகிற மணிக்குத்தான் அந்தப் பெயர் என்றாள். “நம்ம ஊரு மணிக்கூண்டு மணிக்கு ஒருத்தரும் பேரு வைக்கலியே, பாவம்” என்றார் அந்த அம்மா. எந்த ராஜாவுக்கு ஆறு பெண்டாட்டி என்று ஒன்று. அதற்கு விடை வருவதற்குள்ளேயே இருவரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். “யா அல்லா! நாலோட நிறுத்தியிருக்கக் கூடாதா அந்தப் பாவி?”

அறையே சிரித்தது. அம்மா முகத்தில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. பத்தும் முடிந்த பிறகு அக்கா தாளைத் திருப்பி ஒத்துப் பார்த்தாள்.

“ஒம்பது சரி மாமி. ஒண்ணு ஒத்துப் போகல.”

“ஒண்ணுதானே, விட்டுத் தள்ளு” என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷி, சும்மா சொல்லக் கூடாது. அந்த இடத்தில் அக்கா வாயை மூடியிருக்க வேண்டும். மூடினாளா?

“எந் தப்பு இல்ல மாமி. அவுக தப்பா எழுதிட்டாக. பிரிட்டன்ல நீளமான ஆறு தேம்ஸ் இல்ல, செவர்ன்” என்றாள். சொன்னதோடு விட்டாளா, பென்சிலை எடுத்துத் தேம்ஸை அடித்து, மேலே செவர்ன் என்று எழுதி, பக்கத்தில் ‘ஐந்து மைல் அதிகம்’ என்றும் சேர்த்தாள்.

“எம்மவனா தப்பு? அவன் தொரைக்கே லெட்டர் எழுதிக் குடுக்குறவன் புள்ள!”

“தொரைக்கும் தெரியாம இருக்கலாம் மாமி.”

அவர்கள் போன பிறகு அம்மா அவளைத் துடைப்பக்கட்டையால் அடிக்காத குறைதான். அக்கா அசரவில்லை. “அறிவு வேணும்னு கேட்ட மனுசன். தப்பைக் காட்டுனா சந்தோசந்தான் படுவாரு” என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு பேருக்கும் சீமை தெரிந்த அளவுக்கு ஆம்பிளையைத் தெரியவில்லை.

பத்தாம் நாள் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அத்தா பெயருக்குத்தான் வந்தது, வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அக்காதான். தன்னைப் பற்றிய கடிதத்தைத் தானே நின்றுகொண்டு படித்தாள். பெண்ணின் பொது அறிவு பாராட்டத்தக்கது, ஆனால் பெரியவர்கள் எதிரில் வருங்காலக் கணவரின் விடையை அடித்துத் திருத்தியது அடக்கமில்லாத செயல். தேம்ஸ் நதியே நீளமானது, தான் சொன்னது தவறு என்று அவள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பினால் நிக்காஹுக்கு நாள் குறிக்கலாம். பரீட்சை எழுதவும் தடையில்லை. கடைசி வரி வரை நிறுத்தாமல் படித்தாள். எனக்குத்தான் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அம்மா அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். “ஒரு வரிதானேடி. எவன் ஊரு ஆறோ! நீ இங்கன உக்காந்து புடிச்சு இழுத்தா அது நீளமாயிருமா? நிக்காஹ் முடியட்டும், அப்பறம் எந்த ஆத்த வேணா நீளமாக்கிக்க.”

அக்கா தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எழுதித் தொலைத்துவிட்டால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது. இது போனால் நாலாவது வராது என்று தெருவே பேசியது. மெட்ராஸுக்குப் போனால் பரீட்சை, இங்கேயே இருந்தால் அடுப்படி. அவள் கண்ணில் அந்தக் கணக்கு ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மெதுவாக ‘தேம்ஸ்’ என்று எழுதப் போனாள்.

அத்தா கடையிலிருந்து கையில் மாவோடு வந்து எதிரில் குந்தினார். “எதுடி நெசம்?”

“செவர்ன்தான் அத்தா.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

“எம்புட்டு வித்தியாசம்?”

“அஞ்சு மைலு.”

“அஞ்சு மைலா! இங்கேருந்து தாடிக்கொம்பு தூரம்ல?” என்றார். கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை. “பரீட்ச எழுத விடுறேன்னு சொல்றாருல்லங்க?”

“தெரிஞ்சதத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயி, அங்க என்னத்தப் பரீட்ச எழுதுவா?” என்று அத்தா அம்மா மேல் எரிந்து விழுந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “அவனுக்கு எழுதாத. அந்தப் பரீட்சைக்கு எங்க எழுதிப் போடணுமோ அங்க எழுது. பள்ளிக்கூடத்த விட்டு உன்னய நிறுத்துனது எந் தப்பு” என்றார்.

அக்கா அப்போதுதான் அழுதாள். அத்தா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். தன் பக்கம் தப்பு என்று ஓர் ஆண்பிள்ளை சொல்லி, என் காதால் அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.