பெய்யாத நாளின் பனி

பனி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. பனி ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தது நாங்கள்.

தர்மபுரியில் ஒரு உரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பதினோரு கம்ப்யூட்டர், ஒன்பது பெண்கள், ஒரு முதலாளி. கீழேயிருந்து பூச்சிமருந்து நாற்றம் படியேறி வரும். மதியமானால் அதோடு ஒன்பது டிபன் பாக்ஸும் சேர்ந்துகொள்ளும். முதலாளி பைக் சாவியால் காதைக் குடைந்துகொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். குடைந்த அதே சாவியால் திரையைத் தொட்டு, "இங்க பாரும்மா" என்பார். அவர் தொட்ட இடத்தைத் துடைக்காமல் என்னால் அதன்பிறகு வேலை பார்க்க முடியாது. ஒன்பது வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுப் பழைய நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் கையால் எழுதியிருப்பதைப் பார்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்ற வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாத கட்டம் சிவப்பாகி என்னிடம் வரும். நான் படத்தைப் பார்த்து, சரியாக அடித்தவளுக்கு டிக் போடுவேன், மற்றவளுக்கு இன்டூ. இன்டூ அதிகமானால் அவள் வேலைக்கு ஆபத்து. இதைச் செய்வதற்காக எனக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நேரே ஃபேன், "வெரிஃபையர் மேடம்" என்று ஒரு பட்டம். அந்த நாற்காலிக்கு நான் எவ்வளவு அடிமையாகியிருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

போன வருடம் வந்ததுதான் பனி நோட்டு. தூரதேசத்தில் ஒரு நகரம். பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொன்னாலும் நான் வீட்டுக்குப் போகும் காரிமங்கலம் பஸ்ஸில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அந்த நகரத்தில் யாரோ ஒரு மனிதர் வருடக்கணக்காக, தினமும் காலையில் வெளியே போய்ப் பனியை அளந்து எழுதிவைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் அன்று பெய்த பனி எத்தனை அங்குலம். பக்கத்துக் கட்டத்தில் தரையில் கிடக்கும் பனி எத்தனை அங்குலம். பண்டிகை நாளிலும் எழுதியிருக்கிறார். கை விறைத்துப்போய் எழுதியது போலச் சில நாட்களில் எழுத்து கோணியிருக்கும், ஆனாலும் எழுதியிருப்பார். எங்கள் ஆபீஸில் வருகைப் பதிவையே வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுவோம். அந்த மனிதரைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

இரண்டாவது நாளே சந்தேகம் கிளம்பியது. பெய்த பனி என்ற கட்டத்தில் பூஜ்யம். பக்கத்தில், தரையில் பதினான்கு அங்குலம். அடுத்த நாளும் பூஜ்யம். தரையில் பன்னிரண்டு. ஒருத்தி எழுந்துபோய் முதலாளியிடம் கேட்டாள். அவர் வந்து பார்த்தார். காது குடைவது நின்றது. யோசிக்கிறாராம்.

"பெய்யாத நாளுக்குத் தரையில பனி எங்கிருந்துங்க வரும்? மழை நின்னா மழைமானில தண்ணி ஏறுமா? போன வருசம் எங்க மாந்தோப்புல ஆலங்கட்டி உழுந்துச்சு, கோலிக்குண்டு சைஸு. பத்தே நிமிசம், எல்லாம் தண்ணி. இந்த ஆளு பழைய நம்பரையே பார்த்துப் பார்த்து எழுதியிருக்கான். சோம்பேறி. பெய்யலைன்னா தரையிலயும் பூஜ்யம். அப்படியே போடுங்க."

ஒன்பது பேரில் எட்டுப் பேர் தலையாட்டினோம். ஆலங்கட்டியைத் தவிர வேறு எதையும் கண்ணால் பார்க்காத கூட்டம். எங்கள் ஊரில் மார்கழிப் பனி எட்டு மணி வெயிலுக்குத் தாங்காது. மாதக்கணக்கில் தரையில் கிடக்கும் ஒன்று இருக்கும் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அதுகூட மன்னிக்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் மன்னிப்பு இல்லை.

தலையாட்டாதவள் ஒருத்தி. சித்தேரி மலையிலிருந்து வந்தவள், எங்களில் வயதில் சின்னவள். அவளுடைய அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மலையிலிருந்து அரூர் வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வருவதற்குள் அந்த அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்து அம்மாவை வைத்திருந்தாள். அந்த ரூமுக்கு ஆதாரம் இந்த வேலை. வேலை போனால் ரூம் போகும், ரூம் போனால் அம்மா மறுபடி பஸ்ஸில். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். முதலாளிக்கும் தெரியும், அந்த இரண்டு நாட்களில் மதியம் அவளுக்கு விடுப்பு கொடுத்ததைப் பெரிய தர்மம் போல வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவள் எழுந்து நின்று சொன்னாள்: "சார், பதினாலு, அடுத்த நாளு பன்னெண்டு, அப்புறம் பதினொன்னு. கொஞ்சங் கொஞ்சமா கொறையுது பாருங்க சார். மறுபடி பெய்யுற அன்னிக்கு ஏறுது. பொய்யா எழுதறவரு இப்படி ஒழுங்கா கொறச்சி எழுதுவாருங்களா? அவரு போயி அளந்திருக்காருங்க."

முதலாளி சிரித்தார். "மலையில இருந்து வந்த புள்ளைக்குத்தான் பனியப் பத்தி எல்லாம் தெரியுமாம்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். நாங்களும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அன்று மாலை காரிமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். ஒரு வீடியோ. சுளீரென்று வெயில் அடிக்கிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. வீட்டு வாசலில் இடுப்பளவு பனி, ஒருவர் மண்வெட்டியால் வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறார். பெய்து நாலு நாளாயிற்று என்று வேறு சொல்கிறார். ஒரு நிமிட வீடியோ. அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தேன். சிவப்புக் கட்டங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. ஒருத்தி முதலாளி சொன்னபடி பூஜ்யம் அடித்திருந்தாள். மலைக்காரப் பெண் நோட்டில் இருந்ததை இருந்தபடி அடித்திருந்தாள். படத்தில் பதினான்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பூஜ்யத்துக்கு டிக் போட்டேன், பதினான்குக்கு இன்டூ.

ஏன் போட்டேன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். குழந்தை பட்டினி, கணவன் குடிகாரன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் வீட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. முதலாளி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்குப் பயந்து ஒரு மாதம் முழுக்க இன்டூ போட்டேன். குளிர்காலம் குளிர்காலமாக அந்த நகரத்தின் பனியை அழித்தேன். அவள் ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்தி, "அக்கா, நீங்க படத்தப் பார்த்துத்தான் போடறீங்களா?" என்று கேட்டாள். "சார் சொன்ன ரூலு, நான் என்னம்மா பண்றது" என்றேன். அவள் பாட்டிலை மூடிக்கொண்டு போனாள்.

அப்போதும் அவள் பூஜ்யம் அடிக்கவில்லை. அடித்திருந்தால் வேலை தங்கியிருக்கும்.

மாதக் கடைசியில் அவளுடைய தவறுப் பட்டியலை முதலாளி பிரிண்ட் எடுத்துத் தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். அதைப் படிக்காமல் யாரும் தண்ணீர் குடிக்க முடியாது. மறுநாள் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அவள் ரூமைக் காலி செய்து அம்மாவை மலைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். "பாவம்" என்று எல்லோரும் சொன்னோம். அந்தச் சொல்லைப் போல அருவருப்பான சொல் தமிழில் இல்லை.

மூன்று வாரம் கழித்து, வேலை கொடுத்தவர்களிடமிருந்து மெயில் வந்தது. தரைப்பனிக் கட்டங்கள் மொத்தமும் தப்பு. ஓரடிக்கு மேல் கிடந்த பனி ஒரே நாளில் மறைந்து, நாலு நாள் கழித்துத் திடீரென்று முளைக்கிறதே, எப்படி என்று கேட்டிருந்தார்கள். உடனே திருத்தி அனுப்பாவிட்டால் இனி வேலை கிடையாது. முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. என் பக்கம் வந்தார்.

"அந்தப் புள்ள அடிச்ச ஃபைலு இருக்குதாம்மா?"

இருந்தது. இரண்டு பேர் அடித்ததையும் அழிக்காமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அவள் அடித்த பக்கங்களை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எடுத்தோம்; அவள் கைபடாத பக்கங்களை மட்டும் படத்தைப் பார்த்து மறுபடி அடித்தோம். கூடவே ஒரு பதில் மெயில் எழுதச் சொன்னார். இங்கிலீஷ் எனக்குத்தான் கொஞ்சம் வரும். "இந்தத் தவறுக்குக் காரணமான ஆபரேட்டரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம்னு போடும்மா. அப்பத்தான் நம்புவாங்க" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அவள் உழைப்பையே திருத்தம் என்று அனுப்பி, அதற்கு மேல் அவளையே குற்றவாளி என்று எழுதச் சொல்கிறார். இவ்வளவு கேடுகெட்ட வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அதை அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல், முற்றுப்புள்ளி வரைக்கும் சரியாக அடித்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் பாராட்டு வந்தது. அருமையான திருத்தம், அடுத்த நகரத்தின் நோட்டும் உங்களுக்கே என்றார்கள். முதலாளி மைசூர்பாகு வாங்கிவந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார். நான் இரண்டையும் தின்றேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மதியம் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டு என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினாள். ஆள் கறுத்துப்போயிருந்தாள். அம்மாவை பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். டயாலிசிஸ் முடித்து அப்படியே வந்திருக்கிறார்கள். இனிமேல்தான் அரூர் போய், மலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"போன வாரம் அம்மா பஸ்லயே மயக்கம் போட்டுடுச்சுக்கா. இன்னொரு ஆபீஸ்ல ஆள் கேக்கறாங்க. ஏன் அங்கிருந்து நிறுத்துனாங்கன்னு கேட்டாங்க. நான் அடிச்சதத்தான் இப்ப அனுப்புனீங்கன்னு இங்கிருக்கறவங்க சொன்னாங்க. அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கக்கா. நான் தப்பா அடிக்கலன்னு மட்டும் எழுதுங்க. இங்கயே திரும்ப சேக்கச் சொல்லி நான் கேக்கல."

உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். இவர் அடித்தது அனைத்தும் சரி, சரிபார்ப்பில் நடந்தது எங்கள் பிழை, இவர் வேலையை நம்பி ஏற்கலாம். நாலே வரி. கீழே என் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. அந்தத் தாள் ஊர் சுற்றி முதலாளி கைக்கு வந்தால் என்று ஒரு எண்ணம். அவ்வளவுதான், ஒரு எண்ணம். மடித்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் அங்கேயே பிரித்து நிதானமாகப் படித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு தாளின் அடியைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கையெழுத்துப் போடலீங்களேக்கா?"

"சார் வந்து போட்டாத்தாம்மா செல்லும்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பவள் போலப் பார்த்தாள். பிறகு தாளை, நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, என் கையில் வைத்தாள்.

"என்னோடதுக்கு அத்தனை இன்டூ போட்டீங்களே, அதுக்கெல்லாம் சார் கையெழுத்து வேண்டியிருக்கலையேக்கா" என்றாள்.

அரூர் பஸ் கிளம்பும் நேரம் என்று சொல்லிப் படியிறங்கினாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.