விளக்கை அணைக்க மறந்த மாலை

செஞ்சியிலிருந்து வந்த கார்டின் மூலைகளில் கருப்பு மை தடவியிருந்தது. நேமிராஜன் மஞ்சள் காமாலையில் காலமாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சென்னையில் என் விலாசத்தைத் தேடிப்பிடிக்க அவர் தம்பிக்கு அத்தனை நாள் பிடித்திருக்கிறது. ஆறு வருடமாக அந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதாதவன் நான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அரிசித் தட்டுப்பாட்டு நாளிலும் அளவில் கைவைக்காத மண்டிக்காரராக அவரைச் செஞ்சிக்காரர்களாகிய உங்களுக்குத் தெரியும். எனக்கு அவரை இருட்டில்தான் தெரியும். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பட்டத்துக்காக இருவரும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டோம். பிளாஸ்டிக் ஒரு திரவத்தில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளக்கவேண்டும். ஒளிரும் சாயம் கலந்து மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் செய்வோம். புற ஊதா விளக்கின் கீழ் அவை பச்சையாக ஒளிரும். கரையக் கரைய ஒளி குறையும். நான் மீட்டரின் முள்ளைப் பார்த்துச் சொல்வேன். அவர் ஒரு சின்னச் சிவப்பு பல்பின் அடியில் குறித்துக்கொள்வார். கதவு, சன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி.

அவர் சமண வீட்டுப் பிள்ளை; பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். கருப்புத் துணிக்குள் பொழுது எப்படித் தெரியும்? "யோவ், வெளிய எட்டிப் பாரு, வெயிலு இருக்குதா?" என்று நாலரை மணியிலிருந்தே நச்சரிப்பார். ஒருநாள் வேலை மும்முரத்தில் இருவருமே மறந்துவிட்டோம். நான் எட்டிப் பார்த்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு சாப்பிட ஓடினோம். விளக்கை அணைக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அடுத்த அளவுக்கென்று விளக்கடியில் வைத்திருந்த துண்டு பாதிக்குமேல் மங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டுத் திரவம்கூடப் பட்டதில்லை. நேமிராஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்ச துண்டே மங்கிப்போச்சு. அப்போ ஒரு வருஷமா நாம இன்னாத்த அளந்தோம்?"

விளக்கே சாயத்தை வெளுக்க வைத்திருக்கிறது. எவ்வளவு கரைந்தது, எவ்வளவு வெளுத்தது என்று பிரித்தறிய எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். மிச்சமிருந்தது மூன்று மாதம். எனக்கோ ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இரு என்றேன்.

"ஆய்வேட்ட நீ குடுத்துக்க. என் பேர எடுத்துடு. நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றார். அந்த மூன்று மாதமும் தனியாக உட்கார்ந்து மறுபடி அளந்தார். முடியவில்லை. செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டார்.

கார்டு வந்த வாரம் நானும் அதே பஸ்ஸில் போனேன். அவர் தம்பி என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"பெரியவன் பெயிலாயிட்டு வந்துட்டான்னு எங்க நைனா சாவற வரைக்கும் அழுதாரு. அண்ணன் ஒரு வார்த்த பேசாது. உங்ககூடத்தான படிச்சுது? அது மட்டும் ஏன் சார் முடிக்கல?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

தம்பி, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் அண்ணன் பெயிலாகவில்லை. நான் பட்டத்துக்காகக் கொடுத்த எண்கள்தான் தப்பு, பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் வாய் திறக்காமல் இருந்தது மட்டுமே. அதை வைத்துத்தான் ஆறு வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். என் பொய்யை அறிந்த இன்னொருவர் செஞ்சியில் இருக்கிறார் என்பதே எனக்கு ஒரு துணையாக இருந்தது. அவர் போனபின் அது எனக்கு மட்டுமே தெரிந்ததாகிவிட்டது. தனியாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.