ஒட்டகம் இல்லாத பாலைவனம்

உப்பளத்து வரப்பின்மேல் குப்புறப் படுத்திருக்கும்போது ஜான்சியிடம் யாரும் பேசக் கூடாது. மூச்சைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பாள். தலையில் ஈரத்துண்டு, முழங்கைகளுக்கு அடியில் மடித்த கோணிப்பை, பாத்தித் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கேமரா. உச்சி வெயில் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். உப்பு வாரும் பெண்களில் யாராவது ஒருத்தி, "ஏ ஜான்சி, உசுரு இருக்குதா, போயிடுச்சா?" என்று குரல் கொடுப்பாள். ஜான்சி வாயைத் திறக்க மாட்டாள். ஒரு காலை மட்டும் தூக்கி ஆட்டிக் காட்டுவாள். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பும். இவள் மறுபடி கட்டையாகிவிடுவாள்.

மரக்காணம் கடைத்தெருவில் கோழிக்கடைக்கும் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், ஞானஸ்நானம், செத்தவர்களைப் பெரிதாக்கிக் கண்ணாடி போடுவது என்று எல்லாம் உண்டு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உப்பளத்துப் பெண்களைப் போலவே சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர்களிடம், "தாடைய எறக்கு, போலீசு ஒண்ணும் புடிக்க வரல" என்பாள். கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கலராக்கிக் கொடு என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "ஆண்டவரு போட்ட கலரு. அழிக்கிறதுக்கு எங்கிட்ட ரப்பர் இல்ல. வேணும்னா திண்டிவனம் போ." பலர் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

ஆண்டவர் என்கிற சொல் அவள் வாயில் இவ்வளவு சரளமாக வர ஆரம்பித்தது சில வருடங்களாகத்தான். பிறந்தது வேதக்காரக் குடும்பம். பிள்ளைகளின் முதல் நற்கருணை, ஊர்த் தேர், ஆயர் வருகை என்று கோயிலில் அவள் எடுக்காத படம் இல்லை. பூசையில் எல்லோரும் தலைகுனியும் நேரத்தில் இவள் ஒருத்தி நிமிர்ந்து நின்று ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்த லென்ஸு எனக்கு சாமியக் காட்டுனதே இல்லப்பா. மெழுகுவத்தி காட்டும், பூ காட்டும், ஃபாதர் மூக்கு காட்டும். அவ்ளோதான்."

கொரோனா கோடையில் கல்யாணங்கள் நின்றுபோயின. கணவர் சவுதியில் லாரி ஓட்டப் போனவர், திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே இருந்தார். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் கேமராவை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குள் நடந்தாள். அங்கே எடுக்க என்ன இருக்கிறது? கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வெள்ளை. நிழல் கிடையாது, மரம் கிடையாது. காரியமில்லாத கையோடு ஒரு பழைய லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, கேமரா வாயில் பிடித்துப் பாத்தித் தண்ணீரைப் பார்த்தாள். லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் பொடிப்பொருள் பெரிதாகத் தெரியும்.

தண்ணீர் மேல் உப்பு மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கடுகை விடச் சின்னது. ஒவ்வொன்றும் சதுரம். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று படிக்கட்டு இறங்கும் குளம்போல நடுவில் குழிந்து, கண்ணாடிக் கிண்ணமாகத் தண்ணீர்மேல் நின்றது. காற்று அடித்தால் இரண்டு கிண்ணங்கள் நகர்ந்துவந்து ஒட்டிக்கொண்டன. கனம் கூடியது தன்னால் அடியில் இறங்கியது. தலைமுறை தலைமுறையாக அவள் ஊரார் காலால் மிதித்துப் பலகையால் வாரித் தலையில் சுமந்த பொருள்தான்.

"எவன்டா இவ்ளோ நேரா கோடு போட்டது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். கேட்டது சண்டைக்கு இழுக்கிற தொனியில்தான். பதில் வரவில்லை. "ஆனா யாரயோ பாத்துதான கேட்டேன்? ஆளில்லாத எடத்துல எவன்டான்னு கேப்பாங்களா யாராச்சும்?" அவளுடைய விசுவாசம் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. அதை அவள் யாருக்கும் மெருகேற்றிச் சொல்வதில்லை.

அதன்பிறகு வெயில் ஏறினால் ஸ்டுடியோ ஷட்டர் இறங்கிவிடும். சென்னையிலிருந்து பீரங்கி போன்ற லென்ஸுகளோடு பூநாரை எடுக்க வருகிறவர்களை அவள் பார்த்துக்கொண்டே கடந்துபோவாள். அவளுக்கு வேண்டியது வெடித்த சேறு, உப்புப் பூத்த குச்சி, வரப்பில் திறந்த வெயிலில் முட்டையிட்டுவிட்டு அல்லாடும் சிவப்புக்கால் குருவி. "தரை கொதிக்குது. முட்ட அவிஞ்சிடும்ல? அது போயி தண்ணில வயித்த நனச்சிக்கினு வந்து மேல ஒக்காருது. காஞ்சா மறுபடி போவுது. யாரு சொல்லிக் குடுத்தா? ஏம்பா ஆண்டவரே, நீதானேன்னு கேட்டுக்குனே எடுப்பேன்." செபமும் அவளுக்கு இதுதான். படம் எடுக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

வெள்ளையைப் படம் பிடிப்பது லேசில்லை. உப்பைக் கண்டால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். "அவ்ளோ வெளிச்சத்த நம்பாது அது. நான் அதட்டி அதட்டி ஏத்தணும்." ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாதியில்தான் வந்து சேருவாள், முழங்கையெல்லாம் உப்புப் பொரிந்து. ஊரில் அதற்கொரு பேச்சு இருந்தது. "மேடம் உப்பளத்துல தனிப்பூசை வெக்கிறாங்க" என்று. இவள் காதிலும் விழும். "ஆமா, வெக்கிறேன். வெயில் தாங்குறவங்க வாங்க" என்பாள்.

போன தவக்காலத்துக்கு முன் வந்த சண்டையை அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்த பாலைவனத்தை ஃபிளெக்ஸில் அடித்துப் பீடத்துக்குப் பக்கச் சுவரில் கட்டுவது அந்தக் கோயிலின் வழக்கம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய மஞ்சள் மணல், இரண்டு ஒட்டகம், ஒரு பேரீச்ச மரம். வருடா வருடம் அதேதான். இந்த முறை, கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஜான்சி தன் படம் ஒன்றைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். மே மாத நடுப்பகல். முழுக்க வெள்ளை. வளைந்து போகும் ஒரே ஒரு வரப்பு. அதன் முனையில் ஒரு ஆள், நெல்மணி அளவுக்கு.

பேரவைச் செயலாளர் மரியதாஸ் ஹார்டுவேர் கடைக்காரர். ஜான்சிக்குப் பெரியப்பா மகன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இது நம்ம உப்பளம்தானேம்மா? பாலைவனம் எங்க?"

"இதாண்ணே."

"உன் வூட்டுக்காரரு சவுதில இருக்காரு. பாலைவனம்னா எப்பிடி இருக்கும்னு அவரக் கேளு."

"தெனம் படம் அனுப்புது அது. நல்லாத்தான் இருக்குது. ஆனா அங்க வெயில்ல நிக்கிற ஆளு யாரையும் எனக்குத் தெரியாது. இங்க தெரியும்."

அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாலம்மாள் எழுந்தாள். இருபது வயதிலிருந்து உப்பு வாருகிறவள். "ஆறு நாளு அதுலதான் கெடக்குறோம். காலு எரியுது, கண்ணு எரியுது. ஏழாவது நாளு கோயிலுக்கு வந்தா அங்கயும் அதயே தொங்க வுடுவியா நீ? உனக்கு அது படம்மா. எனக்குப் பொழப்பு."

  ஜான்சி படத்தை எடுத்துக்கொண்டுபோய் சாலம்மாளின் மடியில் வைத்தாள்.

"முனையில நிக்கிறது யாருன்னு பாருக்கா."

சாலம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "நானா? எறும்பாட்டம் இருக்குறேன்."

"நீதான். ஆண்டவரு நெழலு இல்லாத எடத்துல தனியா இருந்தாரு, அதான கத? உனக்கும் எனக்கும் அந்த மாதிரி வேற எந்த எடம் தெரியும்? நீ வெந்து நிக்கிற எடத்துக்கு அவரு வர மாட்டாருன்னு எவன் சொன்னான்? பேரீச்ச மரத்தாண்ட மட்டும்தான் வருவாராமா?" கடைசி வார்த்தைக்கு வரும்போது ஜான்சி கத்திக்கொண்டிருந்தாள்.

இளம் வயதுப் பங்குச் சாமியார் படத்தைக் கையில் வாங்கினார். வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். "இதையே அடிச்சிடலாம்" என்றார். சாலம்மாள் படியிறங்கும்போது முணுமுணுத்தாள். "பெருசா பேசுறா. ஒரு நாளு பலகையப் புடிச்சி வாரிப் பாக்கட்டும்." பின்னால் வந்த ஜான்சி அதைக் கேட்டாள். "அது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். யார் சொன்னதையும் அவள் அப்படி ஒத்துக்கொண்டு ஊரில் பார்த்ததில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை விடியற்காலையில். உப்பளத்துக்குப் போகிறவர்கள் நெற்றியில் சாம்பலோடு நேராக வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அப்படி. ஜான்சி கேமராவோடு உள்ளே நுழைந்தபோது ஃபிளெக்ஸ் சுவரில் ஏறியிருந்தது. முந்தின சாயங்காலமே மரியதாஸ் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

படம் அவளுடையதுதான். வரப்பு அதே வளைவில் போனது. ஆனால் உப்பு முழுவதும் மஞ்சள் மணலாகியிருந்தது. வானத்துக்கு யாரோ ஆரஞ்சு பூசியிருந்தார்கள். வரப்பு முனையில் ஒரு ஒட்டகம் நின்றது.

மரியதாஸ் பெருமையோடுதான் பக்கத்தில் வந்தார். "எப்பிடி? உன் பேரயும் ஓரத்துல போடச் சொன்னேன். ரொம்ப வெள்ளையா இருக்குது, வெளுத்துப்போன ஃபிளெக்ஸாட்டம் தெரியும்னான் கடைக்காரப் பையன். சரி, கொஞ்சம் பாலைவனமாட்டம் பண்ணிடுப்பான்னேன். ஒண்ணும் மாத்தலம்மா, கலரு மட்டும்தான்."

"ஒட்டகம்?"

"அது அவனா போட்டான். ஃப்ரீ."

ஜான்சி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி பெஞ்சில் வைத்தாள். அதற்குள் பெண்கள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. சாலம்மாள் நடுவழியில் நின்று கண்ணைச் சுருக்கினாள்.

"இது நம்ம வளைஞ்ச வரப்புதான? அந்த முனையிலதான நான் நின்னேன்? நான் எங்கடி?"

ஜான்சி கையை நீட்டிக் காட்டினாள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "சாலம்மா, உனக்குத் திமிலு மொளச்சிடுச்சி" என்றாள். நாலைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். சாலம்மாள் சிரிக்கவில்லை. வேலைக்குப் போடும் சட்டையின் கையை மேலே சுருட்டினாள்.

"வருசம் பூரா வெயில்ல நிக்கிறது நானு. கோயில்ல வந்து நிக்கிறது ஒட்டகமா? அவுறுடி அத."

ஜான்சி அதற்கு முன்பே ஏணியைத் தேடிப் போயிருந்தாள். மரியதாஸ் ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். "ஜான்சி, சொன்னாக் கேளு. பூசைக்கு மணி அடிக்கப் போறாங்க. இத அவுத்தா செவுத்துல ஈரக்கற தெரியும். பாக்கவே அசிங்கமா இருக்கும். அடுத்த வருசம் உன் இஷ்டப்படி போட்டுக்கலாம்."

"அடுத்த வருசம் வரைக்கும் அந்தப் பொய்யப் பாத்துக்குனு எப்பிடிண்ணே மண்டி போடுறது?"

"ஃபாதர், நீங்களாவது சொல்லுங்க."

சாமியார் சாம்பல் கிண்ணத்தோடு பீடத்தை ஒட்டிய சக்ரீஸ்து அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார், சாலம்மாளைப் பார்த்தார்.  மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஜான்சி மேலே ஏறினாள். இரண்டு முடிச்சுகளை அவிழ்த்ததும் ஃபிளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. கீழ்முனையை சாலம்மாள் பிடித்துக்கொண்டாள். சுருட்டிக் கீழே போடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜான்சி அதைத் திருப்பினாள். மஞ்சளும் ஆரஞ்சும் ஒட்டகமும் சுவரைப் பார்த்துக்கொள்ள, அச்சடிக்காத முதுகுப்பக்கம் ஜனங்களைப் பார்த்தது. சுத்த வெள்ளை. மடித்துக் கொண்டுவந்ததில் விழுந்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லியேம்மா இதுல!" மரியதாஸின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "ஜனங்க எதப் பாப்பாங்க?"

"வேலைக்குப் போறவங்க பாத்துக்குவோம், நீ ஏணியப் புடி" என்றாள் சாலம்மாள். அவர் பிடித்தார்.

ஜான்சி திரும்பிப் பார்க்கவில்லை. சணலை ஆணியில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேலும் ஒன்று. பிறகு, பிடித்து இழுத்து அவிழ்க்க யாருக்கும் ஒரு நுனி மிச்சமில்லாதபடி, முடிச்சோடு ஒட்டப் பல்லால் கடித்து அறுத்தாள்.